எம்.எஸ்சி. முடித்த கையோடு அரசு ஆய்வகத்தில் சேரலாமா?

எம்.எஸ்சி. முடித்துவிட்டீர்கள். பி.எட். சேர்வதா, வங்கித் தேர்வு எழுதுவதா, மருந்து கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வருகிறது: மத்திய அரசு ஆய்வகம், ‘புராஜெக்ட் அசோசியேட்-1’, ஓர் இடம், அடுத்த வாரம் நேர்காணல். போகலாமா, வேண்டாமா?

இந்த வேலைக்குப் போனால் கையில் என்ன வரும், எத்தனை காலம் இருக்கும், பிறகு எங்கே கொண்டு விடும் என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த ஆய்வகங்கள் இப்படி ஆள் எடுக்கின்றன?

முதலில் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக்கான மத்திய அரசின் மன்றம்). 1942-ல் தொடங்கியது. நாடெங்கும் இதற்கு 37 ஆய்வகங்கள் உண்டு. தமிழ்நாட்டில் மூன்று: சென்னை அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். காரைக்குடியில் எல்லோரும் ‘சிக்ரி’ என்பார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்த நிறுவனம் அது. 1953-ல் திறக்கப்பட்டது.

சி.எஸ்.ஐ.ஆருக்கு வெளியேயும் இருக்கின்றன. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வேதியியல் படித்தவருக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இயற்பியல், உயிரியல், கணிதம், பொறியியல் என்று எல்லாத் துறையினருக்கும் இடம் வருகிறது.

உள்ளே போக எத்தனை வழி?

பட்டம் முடித்த புதிதில் முக்கியமாக இரண்டு. ஒன்று ஃபெல்லோஷிப் (ஆய்வு செய்வதற்காக அரசு தரும் உதவித்தொகை). மற்றொன்று புராஜெக்ட் வேலை (ஒரு குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்துக்கு, அந்தத் திட்டத்தின் பணத்திலிருந்தே சம்பளம் கொடுத்து ஒப்பந்தத்தில் எடுப்பது).

ஃபெல்லோஷிப் வாங்க ஒரு தேசியத் தேர்வில் தேற வேண்டும். அறிவியல் பாடங்களுக்கு அது சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு. வேதியியல், இயற்பியல், உயிர் அறிவியல், கணிதம், புவி மற்றும் கடல் அறிவியல் என ஐந்து தாள்கள். உங்கள் பாடத்துக்கு உரிய ஒன்றை எழுதினால் போதும். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பொதுவாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும். இதில் முன்வரிசையில் வருபவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைக்கும். பொறியியல் படித்தவர்களுக்கு கேட் தேர்வு வழியாகவும் சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். தருகிறது.

புராஜெக்ட் வேலைக்கு அப்படி ஒரு தேர்வு கட்டாயமில்லை. ஆய்வகத்தின் இணையதளத்தில் விளம்பரம் வரும், நேர்காணல் நடக்கும், அதில் தேர்வாவீர்கள். திட்டத்தை நடத்தும் விஞ்ஞானியை எல்லோரும் ‘பி.ஐ.’ (திட்டத்தின் முதன்மைப் பொறுப்பாளர்) என்பார்கள். நீங்கள் அவருடைய குழுவில் ஒருவர்.

நெட் தேறவில்லை. எனக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியாலேயே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். புராஜெக்ட் அசோசியேட்-1 பதவிக்கு அடிப்படைத் தகுதி அறிவியலில் முதுகலைப் பட்டம் அல்லது பொறியியலில் இளநிலைப் பட்டம். நெட்டோ கேட்டோ இருந்தால் சம்பளம் கூடும். இல்லாவிட்டாலும் அந்தப் பதவியிலேயே சேரலாம். பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ மட்டும் படித்தவர்களுக்குப் ‘புராஜெக்ட் அசிஸ்டென்ட்’ என்ற பதவி இருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில விளம்பரங்களில் ‘ஜே.ஆர்.எஃப்.’ என்றே போட்டிருப்பார்கள். ஆனால் பணம் ஒரு திட்டத்திலிருந்து வரும். அது திட்டம் இருக்கும்வரைதான். நீங்களே தேர்வெழுதி வாங்கிய ஜே.ஆர்.எஃப். அப்படியல்ல, அது உங்கள் பெயரில் இருப்பது. பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்பிவிடாதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

மாதம் எவ்வளவு வரும்?

2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்ததும் ஒரு குழு உங்கள் ஆய்வை மதிப்பிடும். அதில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆகி 42,000 ரூபாய் பெறுவீர்கள். இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டு வரை.

புராஜெக்ட் அசோசியேட்-1 பதவிக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-ல் வெளியிட்ட ஆணைப்படி நெட் அல்லது கேட் உள்ளவர்களுக்கு 31,000 ரூபாய், மற்றவர்களுக்கு 25,000 ரூபாய். புராஜெக்ட் அசிஸ்டென்டுக்கு 20,000. இந்தத் தொகைகளை அவ்வப்போது திருத்துவார்கள். எனவே உங்கள் கையில் இருக்கும் விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு.

இதோடு வீட்டு வாடகைப்படி சேரும். மத்திய அரசு விதிப்படி 2024 ஜனவரியிலிருந்து சென்னை போன்ற பெருநகரங்களுக்கு 30 சதவீதம், கோவை போன்ற அடுத்த நிலை நகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 10. அடிப்படைத் தொகை 31,000 என்றால் சென்னையில் வாடகைப்படி 9,300, காரைக்குடியில் 3,100. சென்னையில் அதிகம் வருகிறதே என்று உடனே முடிவெடுத்துவிடாதீர்கள். அடையாறு, தரமணி பக்கம் அறை வாடகையும் சாப்பாடும் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஆய்வக விடுதியில் தங்கினால் பொதுவாக வாடகைப்படி கிடைக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. பணம் மாதா மாதம் முதல் தேதியில் வந்துவிடும் என்று நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். சேர்ந்த புதிதில் காகிதங்கள் நகர்ந்து முதல் தொகை வர சில மாதம் ஆகலாம். திட்டத்தின் அடுத்த ஆண்டு நிதி வரும்வரை சம்பளம் தள்ளிப்போவதும் உண்டு. இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் கையில் இருப்பது நல்லது. வீட்டில் கடன் தவணை உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கிறதென்றால், சேருவதற்கு முன்பே இதை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

இது ‘கவர்ன்மென்ட் வேலை’தானா?

அப்பா அம்மா கேட்கும் முதல் கேள்வி இது. நேராகவே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. வேலை செய்யும் இடம் அரசு ஆய்வகம். ஆனால் உங்கள் பதவி ஒப்பந்தப் பதவி. திட்டம் முடிந்தால் பதவியும் முடியும். பின்னாளில் நிரந்தரம் கேட்டு உரிமை கோர முடியாது என்று நியமன ஆணையிலேயே எழுதியிருப்பார்கள். புராஜெக்ட் பதவியில் மொத்தம் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்பதற்கும் சி.எஸ்.ஐ.ஆரில் உச்சவரம்பு உண்டு.

“உள்ளே போய்விட்டால் எப்படியாவது நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தர விஞ்ஞானி பதவிக்குத் தனி விளம்பரம், தனிப் போட்டி. அதற்குப் பெரும்பாலும் பி.எச்டி. அல்லது எம்.டெக். கேட்பார்கள், வயது வரம்பும் உண்டு. புராஜெக்டில் இருந்தவர் என்பதற்காக அந்த வரிசையில் முன்னால் நிறுத்த மாட்டார்கள்.

நிரந்தர வேலைதான் முக்கியம் என்பவர்களுக்கு வேறு பாதை இருக்கிறது. அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி 1957 முதல் நடக்கிறது. அதில் தேர்வாகி ஓராண்டுப் பயிற்சியை நல்லபடியாக முடிப்பவர்கள் அறிவியல் அதிகாரியாக நியமிக்கப்படுகிறார்கள். போட்டி கடுமை. ஆனால் அது வேலைக்கான பாதை; புராஜெக்ட் பதவி பயிற்சிக்கான பாதை. இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் பின்னால் மனம் உடைகிறார்கள்.

நிரந்தரம் இல்லையென்றால் எதற்காகப் போக வேண்டும்?

கல்லூரியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: கருவியைத் தொட்டு வேலை செய்யும் பழக்கம். நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரைச் செலுத்திப் படிகத்தின் அமைப்பை அறியும் கருவி) பாடப் புத்தகப் படமாகத்தான் இருக்கிறது. மாதிரியைக் கூரியரில் வெளியே அனுப்பி, திரும்பி வரும் வரைபடத்தை ஆய்வேட்டில் ஒட்டிக்கொள்கிறோம். ஆய்வகத்தில் அந்தக் கருவியின் அருகே நீங்கள் இருப்பீர்கள். மாதிரியை அரைப்பதிலிருந்து வரைபடத்தைப் படிப்பது வரை கற்றுக்கொள்ளலாம்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு மின்வேதியியலில் ஒரு சாதாரண நாளைப் பாருங்கள். கண்ணாடிக் கலத்தில் கரைசல். அதில் மூன்று மின்முனைகள். அவை ‘பொட்டென்ஷியோஸ்டாட்’ (மின்னழுத்தத்தை நாம் சொன்னபடி ஏற்றி இறக்கி, ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) உடன் இணைந்திருக்கும். ஒரு முனை, கண்ணாடி போன்ற கரி வில்லை. அளவீட்டுக்கு முன் அதை ஈரத் துணியில் அலுமினாத் தூள் இட்டு, எட்டு வடிவில் நிதானமாகத் தேய்க்க வேண்டும். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்க வேண்டும். பிறகு நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தேய்த்தது சரியில்லையென்றால் திரையில் வளைகோடு சாய்ந்து, வீங்கிப்போய் வரும். மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு நல்ல வளைகோட்டுக்குக் காலை முழுவதும் போகலாம்.

அலுப்பான வேலையா? பல நாள் அலுப்புத்தான். ஆனால் எந்த வளைகோட்டை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது இப்படித்தான் கைக்கு வருகிறது. பேட்டரி கம்பெனியோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ உங்களிடம் தேடுவது இந்தத் தெளிவைத்தான்.

சோதனை மட்டுமே வேலை அல்ல. ரசாயனம் வாங்க விலைப்பட்டியல் கேட்பது, பில் சேகரிப்பது, திட்ட அறிக்கைக்குப் பட்டியல் போடுவது எல்லாம் உங்கள் மேல் விழும். ஓரளவு இருந்தால் அதுவும் பயிற்சிதான். ஆனால் மாதக் கணக்கில் அது மட்டுமே என்றால் பி.ஐ.யிடம் மரியாதையாக, தெளிவாகக் கேளுங்கள்: “சார், எனக்கென்று ஒரு சோதனை கொடுங்கள்.” கேட்பதில் தவறே இல்லை.

அங்கிருந்தே பி.எச்டி. பதிவு செய்ய முடியுமா?

முடியும், ஆனால் தானாக நடக்காது. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் பி.எச்டி. பட்டம் தர ‘ஆக்சிர்’ என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. கல்பாக்கத்துக்கு ஹோமி பாபா தேசிய நிறுவனம். நெட் ஜே.ஆர்.எஃப். உள்ளவர்களுக்கு இதில் நுழைவது சுலபம். புராஜெக்டில் இருப்பவர்களுக்கு நிபந்தனைகள் உண்டு. திட்டத்தில் எவ்வளவு காலம் பாக்கி இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.

ஒரு நல்ல செய்தி: 2024 முதல் நெட் மதிப்பெண்ணை பி.எச்டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும் ‘பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும்’ என்ற பிரிவில் தேறலாம். எனவே புராஜெக்டில் சேர்ந்தாலும் நெட் படிப்பை விடாதீர்கள். சேர்ந்த முதல் ஆண்டிலேயே எழுதுங்கள். தள்ளிப்போட்டால் வேலையின் சுழலில் படிப்பு நழுவிவிடும்.

விளம்பரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், அது உண்மையான விளம்பரமா? வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். மட்டும் போதாது. ஆய்வகத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் அதே விளம்பர எண் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

இரண்டாவது, ‘கட்டாயத் தகுதி’, ‘விரும்பத்தக்க தகுதி’ என்று இரண்டு வரிகள் இருக்கும். கட்டாயத் தகுதி இல்லையென்றால் போகாதீர்கள். விரும்பத்தக்கது இல்லையென்றாலும் தயங்காமல் போங்கள். ‘பேட்டரி ஆய்வில் அனுபவம் விரும்பத்தக்கது’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அந்த அனுபவம் உள்ள ஒருவர் வராமலே போகலாம்.

மூன்றாவது, வயது. புராஜெக்ட் அசோசியேட்-1-க்குப் பொதுவாக 35. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து ஆண்டும் ஓ.பி.சி. பிரிவினருக்கு மூன்று ஆண்டும் சி.எஸ்.ஐ.ஆரில் தளர்வு உண்டு.

இங்கே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. மாநில அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களில் ஓ.பி.சி. சான்றிதழாகச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், மேல்தட்டினர் அல்லர் என்ற குறிப்புடன் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம் வழியாகத் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கைக்கு வர நாளாகும். விளம்பரம் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் உங்கள் எம்.எஸ்சி. ஆய்வேட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். எழுதியதை எல்லாம் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்.ஆர்.டி. செய்ததாக எழுதியிருந்தால், பிராக் விதி என்ன, சிகரங்கள் அகலமாக வந்தால் என்ன பொருள் என்பார்கள். (படிகத் துகள்கள் மிகச் சிறியவை என்பது முதல் விடை.) தெரியாத கருவியைப் பயோடேட்டாவில் சேர்க்காதீர்கள். மாதிரியை வெளியே அனுப்பி அளந்திருந்தால் அப்படியே சொல்லுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று பயப்படுகிறீர்களா? சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பலகையில் படம் வரையவோ சமன்பாடு எழுதவோ அனுமதி கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த பகுதியைத் தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே பார்ப்பது இலக்கணத்தை அல்ல. நீங்கள் யோசிக்கும் விதத்தை.

அசல் சான்றிதழ்கள், ஒரு செட் நகல், புகைப்படம் எல்லாம் முந்தின நாளே எடுத்து வையுங்கள். நேர்காணலுக்கு வந்துபோகப் பொதுவாகப் பயணப்படி தர மாட்டார்கள். நேரில் வர வேண்டுமா, இணையவழியா என்பதையும் விளம்பரத்தில் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

தேர்வாகிவிட்டேன். சரி என்று சொல்லும் முன் என்ன கேட்க வேண்டும்?

நான்கு கேள்விகள். திட்டம் முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது? மூன்று ஆண்டுத் திட்டத்தில் முப்பதாவது மாதம் சேர்ந்தால் ஆறு மாதத்தில் வேலை முடிந்துவிடும். விளம்பரத்தில் இருக்கும் திட்டத்தின் முடிவுத் தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

என் அன்றாட வேலை என்ன, எந்தக் கருவியை நான் இயக்குவேன்? கட்டுரை வந்தால் அதில் என் பெயர் சேருமா? பி.எச்டி. பதிவுக்கு வழி இருக்கிறதா?

பி.ஐ.யிடம் கேட்கும் முன் அதே குழுவில் இருக்கும் ஒரு மூத்த மாணவரிடம் பேசுங்கள். முன்பு அங்கே புராஜெக்டில் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இருவர் பி.எச்டி. முடித்திருக்கிறார்கள், ஒருவர் கம்பெனியில் நல்ல நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தால் நம்பிச் சேரலாம். எல்லோரும் ஆறு மாதத்தில் கிளம்பியிருக்கிறார்கள் என்றால் யோசியுங்கள். ஆய்வகத்தின் பெயரைவிட, நீங்கள் வேலை செய்யப்போகும் அந்த நான்கைந்து பேர் கொண்ட குழுதான் உங்கள் அடுத்த இரண்டு ஆண்டைத் தீர்மானிக்கும்.

பெண்கள் விடுதி, இரவு வேலை நேரம், ஆய்வகத்திலிருந்து திரும்பும் வசதி ஆகியவற்றையும் தயங்காமல் கேளுங்கள். மகப்பேறு விடுப்பு ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். உள்ளிட்ட எல்லாப் பிரிவு ஆய்வாளர்களுக்கும் அரசு விதிப்படி உண்டு. அது யாரும் செய்யும் சலுகை அல்ல.

இரண்டு ஆண்டு இருந்தேன். பிறகு?

கிளம்பும்போது கையில் இவை இருக்க வேண்டும்: நீங்களே தனியாக இயக்கத் தெரிந்த இரண்டு மூன்று கருவிகள், உங்கள் பெயர் உள்ள ஒரு கட்டுரை அல்லது மாநாட்டுச் சுவரொட்டி, பி.ஐ.யின் பரிந்துரைக் கடிதம், முறையான அனுபவச் சான்றிதழ். சான்றிதழைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆய்வக நோட்டில் தினமும் தேதியிட்டு எழுதுங்கள். கட்டுரை எழுதும் நாளில் யார் செய்த வேலை என்ற கேள்வி வந்தால் அந்த நோட்டுதான் பதில்.

இந்த நான்கும் சேர்ந்தால் பி.எச்டி., கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு, வெளிநாட்டுப் படிப்பு மூன்றுக்கும் நீங்கள் தயார். இவற்றில் ஒன்றுகூடச் சேராமல் ஓராண்டு போய்விட்டதென்றால், இன்னொரு நீட்டிப்பு கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் தங்கிவிடாதீர்கள். வயது வரம்பு உள்ள தேர்வுகள் காத்திருக்காது.

குடும்பத்தில் முதன்முதலாக எம்.எஸ்சி. படித்தவர், சின்ன ஊர்க் கல்லூரி, நெட் இன்னும் இல்லை: இந்த மூன்றும் சேர்ந்து இருப்பவர்கள்தான் இந்த விளம்பரங்களைப் பார்த்து அதிகம் ஒதுங்குகிறார்கள். நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. இந்தப் பதவிகள் படிப்பை முடித்து வெளியே வரும் உங்களுக்காகவே ஏற்பட்டவை. அந்த ஆய்வகங்களும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், ஆய்வேட்டை மறுபடி ஒருமுறை படியுங்கள், மூன்று ஆய்வகங்களின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். தகுதி பொருந்தினால் விண்ணப்பித்துவிடுங்கள்.